கடலுக்குப் போகுமுன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்!

கடையில் புதுக் குடம் வாங்குகிறோம். சும்மா வாங்கி வருகிறோமா? இல்லை. தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறோம். விரலால் தட்டிப் பார்க்கிறோம். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். அடியில் ஈரம் கசிகிறதா என்று குனிந்து பார்க்கிறோம். கசிந்தால், குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் சண்டை போடுகிறோம்.

ஒரு குடத்துக்கு இவ்வளவு சோதனை!

ஆறேழு பேர் ஏறிப் போகிற படகுக்கு என்ன சோதனை செய்கிறோம்?

எங்கள் முதுகுளத்தூர் கடற்கரை ஊர் அல்ல. மழையையும் கண்மாயையும் நம்பி இருக்கிற வறண்ட பூமி. தெற்கே கடலாடி, சாயல்குடி என்று போனால்தான் கடலைப் பார்க்கலாம். மூக்கையூர், வாலிநோக்கம், கீழக்கரை, பிறகு மண்டபம், பாம்பன், ராமேசுவரம் என்று கரை நீண்டு கிடக்கிறது. மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் பக்கத்து ஆட்களில் சிலர் கடல் வேலைக்குப் போவது உண்டு. என் சித்தப்பா அப்படிப் போனவர்.

விசைப்படகில் கூலி ஆள். ஒரு முறை அவர் ஊருக்கு வந்தபோது இரண்டு உள்ளங்கைகளிலும் கொப்புளம். தோல் உரிந்து கிடந்தது.

"என்னங்க, கையெல்லாம் இப்படி இருக்கு?" என்று சித்தி கேட்டாள்.

"வலை இழுத்தது" என்றார் சித்தப்பா.

ராத்திரி திண்ணையில் படுத்திருந்தபோது என்னிடம் உண்மையைச் சொன்னார்.

"வலை இல்லைடா தம்பி. விடிய விடியத் தண்ணி எறைச்சோம். பலகை இடுக்கு விட்டுப்போச்சு. பம்பும் நின்னுபோச்சு. வாளி, டப்பா, கையில கெடைச்சதை எல்லாம் வச்சு மாத்தி மாத்தி எறைச்சோம்."

"முன்னாடியே தெரியாதா சித்தப்பா?"

"தெரியும். தண்ணி ஏறுதுன்னு போன வாரமே படகுக்காரர்கிட்டச் சொன்னோம். சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்னாரு."

"இனிமே அந்தப் படகுல போகாதீங்க."

"அட்வான்ஸ் வாங்கியிருக்கேன்டா" என்றார். பிறகு, "சித்திகிட்டச் சொல்லிராதே" என்றார்.

அடுத்த வாரம் அதே படகில் போனார். நல்ல வேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா இன்று இல்லை; வயதாகிக் கட்டிலில்தான் இறந்தார். ஆனால் "நடுக்கடலில் பலகை உடைந்து படகு மூழ்கியது, தத்தளித்த மீனவர்களை வேறு படகு காப்பாற்றியது" என்று பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள் ஞாபகம் வரும். வேறு படகு பக்கத்தில் இல்லாவிட்டால்?

ஒரு நிமிஷத்துக்கு ஐந்து குடம்!

"சின்ன ஓட்டைதானே" என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு கணக்கு.

படகின் அடியில், நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே, ஓர் அங்குல அகலத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். அவ்வளவு சின்ன ஓட்டை. அதன் வழியாக ஒரு நிமிஷத்தில் சுமார் 75 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். நம் வீட்டுக் குடத்தில் ஐந்து குடம். ஒரு மணி நேரத்தில் முந்நூறு குடம். எடை நாலு டன்னுக்கு மேல்!

வாளியால் எத்தனை பேர் இறைத்தால் இது தீரும்?

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தால் போதும். தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடும். தாம்பாளம் மேலும் சாயும். படகுக்குள் புகுந்த தண்ணீரும் அதைத்தான் செய்கிறது. அலை படகை வலப்பக்கம் சாய்த்தால், உள்ளே இருக்கிற தண்ணீரும் வலப்பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். ஆகவே, படகு முழுக்க நிரம்பித்தான் மூழ்க வேண்டும் என்பது இல்லை. பாதி நிரம்புமுன்பே கவிழ்ந்துவிடலாம்.

கண்மாய்க் கரையில் ஒரு நண்டு வளை இருந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்குத் தண்ணீர் வெளியே போகக்கூடாது. கடல்காரர்களுக்குத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. கவலை ஒன்றுதான்.

ஓடாவி சொன்னது

படகு கட்டும் தச்சருக்கு நம் கடற்கரையில் ஓடாவி என்று பெயர். மரத்தைப் பார்த்த உடனே அது எந்த இடத்துக்கு ஆகும் என்று சொல்லிவிடுவார். நாட்டுக் கருவேல மரத்தை அதன் வளைவு பார்த்து வெட்டிப் படகுக்கு விலா எலும்பாக வைப்பது உண்டு. வெளியே பலகை அடித்த பிறகு, இரண்டு பலகைகளுக்கு நடுவில் உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் இறுக்கி அடிப்பார்கள். மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவார்கள். இதற்குக் கலப்பத்து என்று பெயர். ஒரு படகின் உயிர் அந்தக் கலப்பத்தில்தான் இருக்கிறது.

டாக்டர் அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன், ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிப் போக மரப்படகு கட்டினார். சிறுவன் கலாம் பக்கத்தில் நின்று, படகு கொஞ்சம் கொஞ்சமாக உருவாவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். விறகுத் தீயின் சூட்டில் பலகைகளைப் பதப்படுத்துவதை அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பின்னாளில் ராக்கெட் விட்டவர், முதலில் பார்த்த தொழிற்சாலை அந்தக் கடற்கரைதான்!

கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் ஓடாவிப் பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"அய்யா, ஒழுகுதா இல்லையான்னு எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"வெளியே இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது தம்பி. உள்ளே தண்ணி ஊத்திப் பாக்கணும்."

"முழுக்கவா?"

சிரித்தார். "முழுக்க ஊத்தினா, பாரம் தாங்காமப் பலகை விரிஞ்சிரும். ரெண்டு சாண் உயரத்துக்கு ஊத்தணும். ஊத்திட்டு வெளியே வந்து, படகுக்கு அடியில படுத்துப் பாக்கணும். எங்கே வேர்க்குதோ அங்கே கரியால கோடு போட்டுக்கணும். தண்ணிய வடிச்சு, காய விட்டு, அந்த இடத்துல மறுபடியும் கலப்பத்து அடிக்கணும்."

"அதோட முடிஞ்சுதா?"

"கடல்ல இறக்கி ஒரு ராத்திரி சும்மா கட்டிப் போடணும். காலையில போய் உள்ளே எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு பாக்கணும். மரம் ஊறினா இடுக்கு அடைபடும். அடைபடலேன்னா அந்தப் படகை விடக்கூடாது. இப்போ யாரு தம்பி ஒரு ராத்திரி சும்மா கட்டிப் போடுறா? இறக்கின அன்னிக்கே ஐஸ் ஏத்துறாங்க."

பெரிய கப்பலுக்கு என்ன சோதனை?

அந்தப் பெரியவர் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. ஆனால் அவர் சொன்னதைத்தான் உலகத்தின் பெரிய கப்பல் தளங்களிலும் செய்கிறார்கள்.

கப்பல் கட்டி முடிந்ததும் அதன் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிப் பார்க்கிறார்கள். அல்லது காற்றை அடைத்து, இரும்புத் தகடுகள் பற்றவைத்த இடத்தில் சோப்புத் தண்ணீர் பூசுகிறார்கள். நாம் காஸ் சிலிண்டரில் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பதைப் போலத்தான். நுரை கொப்பளித்தால் ஓட்டை.

கதவு, மூடி, ஜன்னல் இவற்றுக்குக் குழாய்ச் சோதனை. 12 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயால், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கக்கூடாது என்பது விதி. ஒருவர் வெளியே நின்று அடிப்பார். இன்னொருவர் உள்ளே டார்ச் விளக்குடன் நின்று பார்ப்பார்.

சாக்குக்கட்டிச் சோதனை என்றும் ஒன்று இருக்கிறது. சரக்கு அறை மூடியின் விளிம்பில் சாக்குக்கட்டியைத் தேய்த்து, மூடியை இறக்கி, மறுபடி தூக்குவார்கள். எதிரே உள்ள ரப்பரில் வெள்ளைக் கோடு விடாமல் விழுந்திருக்க வேண்டும். கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே மூடி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டி, கோடி ரூபாய்ச் சரக்கைக் காக்கிறது!

இப்போது வௌவால் வித்தையும் வந்துவிட்டது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியைச் சரக்கு அறைக்குள் எழுப்புவார்கள். மூடியைச் சுற்றி வெளியே ஒரு கருவியுடன் நடப்பார்கள். ஒலி கசிகிற இடத்தில் தண்ணீரும் கசியும்.

இவற்றை எல்லாம் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கத் தனி நிறுவனங்கள் உண்டு. நம் நாட்டில் 1975-ல் இந்தியன் ரிஜிஸ்டர் ஆப் ஷிப்பிங் ஏற்பட்டது. கடல் பாதுகாப்புக்கான உலக ஒப்பந்தப்படி, சரக்குக் கப்பலின் அடிப்பாகத்தை ஐந்து வருஷத்துக்குள் இரண்டு முறையாவது பார்த்தாக வேண்டும். பிரயாணிக் கப்பல் என்றால் வருஷா வருஷம்.

மீன்பிடிப் படகுகளுக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது!

சாவு கற்றுக்கொடுத்த பாடங்கள்

இந்த விதிகள் யாரும் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எழுதியவை அல்ல. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் பிணங்கள் இருக்கின்றன.

டைட்டானிக் கதை எல்லோருக்கும் தெரியும். 1912 ஏப்ரல் 14 இரவு பனிமலையில் மோதியது. சுமார் 1,500 பேர் இறந்தார்கள். அதன் பக்கத்தில் விழுந்த ஓட்டைகளை எல்லாம் சேர்த்தால் எவ்வளவு இருக்கும் தெரியுமா? விசாரணையில் அந்தக் கப்பல் கட்டிய நிறுவனத்தின் நிபுணர் ஒருவர் போட்ட கணக்கு: சுமார் 12 சதுர அடி! நம் வீட்டு வாசல் கதவை விடச் சின்னது. கப்பலுக்குள் 16 அறைகள் இருந்தன. முன்புறத்து நாலு அறைகள் நிரம்பினாலும் மிதக்கும். ஆனால் அதற்கு மேலும் நிரம்பின. அறைச் சுவர்கள் போதிய உயரம் இல்லை. ஓர் அறை நிரம்பி, சுவருக்கு மேலே வழிந்து அடுத்த அறைக்குப் போயிற்று. இவ்வளவுக்கும், கப்பலுக்குள் தனித்தனி அறை வைப்பது புது யோசனை அல்ல. நம் காயலுக்கு வந்து போன மார்க்கோ போலோ, சீனத்துப் பெரிய கப்பல்களில் 13 அறைகள் இருந்ததை எழுநூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்தார்.

டைட்டானிக்குக்கு அடுத்து அவ்வளவாகப் பேசப்படாத ஒரு கப்பல் இருக்கிறது. டெர்பிஷயர் என்று பெயர். இங்கிலாந்துக் கப்பல். நீளம் 294 மீட்டர். 1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே புயலில் காணாமல் போயிற்று. கப்பலில் இருந்த 44 பேரும் போய்விட்டார்கள். உதவி கேட்டு ஒரு குரல் கூட வரவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை. விசாரணை வேண்டும், கப்பலைத் தேட வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடினார்கள். 1994-ல் கடலடியில் கப்பல் கிடைத்தது. முன்பக்கத்தில் இருந்த காற்றுக் குழாய்கள் அலையில் பிய்ந்து, அந்தச் சிறு வாய்களின் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. பிறகு அலைகள் நேராகச் சரக்கு அறை மூடியின் மேல் விழுந்து அதை உடைத்தன. காற்றுக் குழாய் எவ்வளவு பெரிசு? கப்பல் எவ்வளவு பெரிசு? அந்தக் குடும்பங்கள் போராடியிராவிட்டால் இது தெரியாமலே போயிருக்கும்.

1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தில் ஒரு பிரயாணிக் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. கார்கள் ஏறும் முன்கதவைச் சாத்தவில்லை. சாத்த வேண்டியவர் தூங்கிப்போனார். சாத்தியிருக்கிறதா என்று காட்ட மாலுமியின் அறையில் ஒரு விளக்குக்கூட இல்லை. சில நிமிஷங்களில் கப்பல் சாய்ந்தது. 193 பேர் பலி. நல்ல கப்பல்தான். ஓட்டை இல்லை. கதவு திறந்திருந்தது!

நம் பக்கத்துக்கே வருவோம். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் ஒரு கன்டெய்னர் கப்பல் சாய்ந்து மூழ்கியது. 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். ஆனால் அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கியது. கப்பல் எங்கேயோ மூழ்கினாலும் கரை நம்முடையதுதான்.

61 நாட்கள் இருக்கின்றன

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது. மீன் இனம் பெருகுவதற்காக இந்தத் தடை. முன்பு 45 நாட்களாக இருந்தது. 2017 முதல் 61 நாட்கள். இந்தச் சமயத்தில்தான் படகுகள் கரை ஏறுகின்றன. கொட்டலசு சுரண்டுவது, பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் நடக்கிறது. மீன்வளத் துறை அதிகாரிகளும் வந்து ஆய்வு செய்கிறார்கள். படகின் நீளம், எஞ்சினின் சக்தி, பதிவு எண், உயிர்காக்கும் மிதவை என்று பார்க்கிறார்கள். எல்லாம் வேண்டியதுதான்.

அத்தோடு, படகு ஒழுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்கிறேன். பார்த்த பிறகே கடலுக்கு விட வேண்டும்.

கஷ்டமான காரியம் ஒன்றும் இல்லை. ஓடாவிப் பெரியவர் சொன்ன ஒரு ராத்திரிச் சோதனை போதும். படகைக் கடலில் இறக்குங்கள். பம்பை நிறுத்துங்கள். உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். காலையில் வந்து பாருங்கள். கோடு எங்கே, தண்ணீர் எங்கே என்று எழுதத் தெரியாதவருக்கும் தெரியும். காத்தாடிச் சுழற்சித் தண்டு படகை விட்டு வெளியே போகிற இடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். பலகை நன்றாக இருந்தாலும் அங்கே கயிறு தேய்ந்து ஒழுகும். பிறகு பம்பை ஓட்டிப் பாருங்கள். ஓடுகிற பம்பு ஒன்று, கைப்பம்பு ஒன்று, இரண்டும் இருக்க வேண்டும்.

இரும்புப் படகாக இருந்தால் இன்னும் சுலபம். பற்றவைத்த இடத்தில் ஒரு பக்கம் சுண்ணாம்பைப் பூசிக் காய விட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவினால், பொத்தல் உள்ள இடத்தில் சுண்ணாம்பின் மேல் எண்ணெய்ப் பொட்டு தெரியும். பட்டறைக்காரர்கள் அறிந்த பழைய முறைதான்.

"சோதனை என்று வந்தால் லஞ்சமும் கூட வருமே" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பயம். அதனால்தான் இதைக் காகிதத்தில் மட்டும் வைக்கக்கூடாது என்கிறேன். அந்தப் படகில் போகிற கூலி ஆட்கள் முன்னிலையில் சோதனை நடக்கட்டும். ஊர் ஓடாவி ஒருவரும் கூட இருக்கட்டும். காலையில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, ஆட்களே கையெழுத்தோ கைநாட்டோ வைக்கட்டும். தன் உயிர் போகும் என்று தெரிந்தவன் பொய்க் கைநாட்டு வைக்க மாட்டான். வைக்கச் சொல்லி நெருக்கினால் அதைக் கேட்க ஊர் இருக்கிறது, சங்கம் இருக்கிறது.

"படகுக்காரரும் கடன்காரர்தானே, கலப்பத்துக்குப் பணம் எங்கே?" என்றும் கேட்பார்கள். இதுவும் உண்மை. டீசல் விலை, வலை விலை, வட்டி எல்லாம் அவர் தலையில்தான். பலரிடம் ஒரு படகுக்கு மேல் கிடையாது. தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை கொடுக்கிறது. 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ஆயிற்று. அதே போலக் கலப்பத்துக்கும் பம்புக்கும் ஒரு சிறு கடன், வட்டியில்லாமல் கொடுத்தால் என்ன? மூழ்கிய படகுக்கு நிவாரணம் கேட்டு ஊர் ஊராக மறியல் நடத்துவதை விட இது மலிவு. அதை விட முக்கியம், அட்வான்ஸ் வாங்கிய ஆள் "இந்தப் படகு ஒழுகுகிறது, ஏற மாட்டேன்" என்று சொன்னால், அந்த அட்வான்ஸைக் காட்டி அவனை மிரட்டக்கூடாது என்று ஊரிலேயே ஒரு கட்டுப்பாடு வர வேண்டும். என் சித்தப்பா பயந்தது கடலுக்கு அல்ல. அந்தப் பணத்துக்குத்தான்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கடலுக்குப் போகிறவரிடம் "எப்போ வருவீங்க?" என்று கேட்கிறீர்கள். "படகுல தண்ணி ஏறுதா?" என்றும் கேளுங்கள். கையில் கொப்புளம் இருந்தால், வலை இழுத்தது என்று சொன்னாலும் நம்பாதீர்கள். என் சித்தியிடம் கடைசி வரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சித்தப்பா போன பிறகு ஒருநாள் அவளே கேட்டாள்: "அந்தப் படகு ஒழுகுமாமே, உனக்குத் தெரியுமா?"